வயதைப் பார்ப்பதா, கையிருப்பைப் பார்ப்பதா? முதியவர்களுக்கு ஆபரேஷன் என்றால்...

அப்பத்தா விழுந்தது விடியற்காலையில், கொல்லைப்புறத்தில், பாசி பிடித்த துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். 86 வயது. தூக்கி உட்காரவைக்கப் பார்த்தோம், அலறிவிட்டாள். வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்தால் கால் பெரும்பாலும் இப்படித்தான் கிடக்குமாம், அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. மதுரைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். "இந்த வயசுல கத்தி வைக்கணுமா?" என்றார் பெரியப்பா. "பேசாம புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார் சித்தப்பா. "ஹார்ட்டுக்கு எடுக்கிற எக்கோ ஸ்கேன் நல்லா வந்தா பண்ணிரலாம்ல?" என்று அத்தை அழுகைக்கு நடுவே கேட்டாள். ஆளுக்கொரு பேச்சு, ஆனால் எல்லார் வாயிலும் திரும்பத் திரும்ப வந்தது 86 என்ற அந்த ஒரு எண்தான். கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். வயதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "போன மாசம் வரைக்கும் தானா குளிச்சாங்களா? சமையல் யாரு? கோயில், கடைன்னு வெளியில போவாங்களா, வீட்டுக்குள்ளேயேதானா? சாமான் வாங்கினா மீதிக் காசை எண்ணி வாங்குவாங்களா? இந்த வருஷம் உடம்பு இளைச்சிருக்கா? இதுக்கு முன்னாடி எத்தனை தடவை விழுந்திருக்காங்க?" என்று வரிசையாகக் கேட்டார். நாங்கள் பதற்றத்தில் இருக்கிறோம் என்று சும்மா பேச்சுக் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அவர் பரிசோதனை செய்துகொண்டிருந்தார், அதுவும் எக்கோவைவிட முக்கியமான ஒன்றை.

நான் டாக்டர் இல்லை. அடுத்த நாலு மாதத்தில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, இதே வராந்தாவில் நாளைக்கு நிற்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

குதிர் நிறைய நெல் இருக்கிற வீட்டுக்கும் அன்றாடம் கூலி வாங்கி அரிசி வாங்குகிற வீட்டுக்கும் நல்ல மழைக் காலத்தில் பெரிய வித்தியாசம் வெளியே தெரியாது, இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். மழை பொய்த்த வருஷம்தான் யார் வீட்டில் என்ன இருந்தது என்பது தெரியும். உடம்பும் இப்படித்தான். இதயம், நுரையீரல், சிறுநீரகம், தசை, மூளை எல்லாவற்றிலும் இளவயதில் அன்றாடத் தேவைக்கு மேல் நிறையக் கையிருப்பு இருக்கிறது. வயது ஏற ஏற அது கரைகிறது. இதயம் அதிகபட்சமாக எவ்வளவு வேகமாகத் துடிக்கும் என்பதற்கு 220லிருந்து வயதைக் கழி என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, அதன்படி 20 வயதில் 200, 86 வயதில் 134. ஈஸிசேரில் உட்கார்ந்து காப்பி குடிக்க நிமிடத்துக்கு 75 துடிப்பு போதும் என்பதால் அந்தக் குறை யாருக்கும் தெரிவதில்லை. ஆபரேஷன் என்பது மழை பொய்த்த வருஷம் மாதிரி. ரத்தம் போகிறது, வலி, காய்ச்சல், பட்டினி, படுக்கை, தூக்கமின்மை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேருகின்றன, உடம்பு கையிருப்பிலிருந்து எடுத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

எக்கோ விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிற ரத்தம் "60 சதவீதம், நார்மல்" என்று ரிப்போர்ட் வந்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாதி ஆபரேஷன் முடிந்துவிட்ட மாதிரி நிம்மதி. ஆனால் எக்கோ காட்டுவது படுத்திருக்கிற மனிதரின் இதயத்தை. அது தெரிய வேண்டியதுதான், வால்வு சுருங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும், ஆனால் கையிருப்பைப் பற்றி அது அதிகம் சொல்லாது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கிற கிரியேட்டினினும் ஏமாற்றும். அது தசையிலிருந்து வருகிற கழிவு என்பதால், தசை வற்றிப்போன மெலிந்த பாட்டிக்குச் சிறுநீரகம் கணிசமாகத் தளர்ந்திருந்தாலும் காகிதத்தில் நார்மல் என்றே வரலாம். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக் கையிருப்பு குறைந்த நிலையை மருத்துவத்தில் ஃப்ரெயில்டி என்கிறார்கள், தமிழில் நலிவு என்று வைத்துக்கொள்வோம். இது வியாதியின் பெயர் அல்ல, வயதும் அல்ல. 70 வயதில் முழுக்க நலிந்தவரும் உண்டு, 90 வயதில் வயலுக்குப் போய் வருபவரும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் உடல்நிலையைத் தரம் பிரிக்க மயக்க மருந்து டாக்டர்கள் பயன்படுத்துகிற ஏஎஸ்ஏ என்ற வகைப்பாடு 1941 முதல் இருக்கிறது, ஒன்றிலிருந்து ஆறு வரை. அதில் வயதுக்கு இடமே இல்லை. 2001இல் லிண்டா ஃப்ரைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் நலிவுக்கு ஐந்து அடையாளம் சொன்னார்கள்: தானாக எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடியில் பலமின்மை, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. இதில் மூன்று இருந்தால் நலிவு. கனடாவில் கென்னத் ராக்வுட் குழு 2005இல் இன்னும் எளிதான ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தது, இப்போது அது ஒன்றிலிருந்து ஒன்பது வரை இருக்கிறது. திடகாத்திரமாக உழைப்பவர் ஒன்று. பணம், போக்குவரத்து, கனமான வீட்டு வேலைக்கு ஆள் துணை வேண்டும் என்றால் ஐந்து, குளிக்கவும் துணை வேண்டும் என்றால் ஆறு, சொந்தக் காரியம் எல்லாவற்றுக்கும் அடுத்தவரையே நம்பியிருந்தால் ஏழு. நம்ம டாக்டர் குளியலையும் மீதிக் காசையும் கேட்டது இதற்காகத்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விழுந்து படுத்திருக்கிற ஆளைப் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது, விழுவதற்கு இரண்டு வாரம் முன்னால் எப்படி இருந்தார் என்பதை வைத்துத்தான் போட வேண்டும். கட்டிலில் கிடக்கும்போது எல்லோரும் எட்டாகத்தான் தெரிவார்கள். அதனால் வீட்டு ஆள் சொல்கிற பதில்தான் இதில் ஸ்கேன் ரிப்போர்ட். "நல்லாத்தான் இருந்தாங்க" என்று மரியாதைக்குச் சொல்லிவைக்காதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.

நடையின் வேகம் மட்டுமே எவ்வளவு சொல்லும் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இதய ஆபரேஷனுக்கு வந்த 70 வயதைத் தாண்டிய 131 பேரை 5 மீட்டர் தூரம் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், 2010இல் வெளிவந்த ஆய்வு அது. அதற்கு 6 வினாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்களுக்கு மரணமோ பெரிய சிக்கலோ வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. ஸ்டாப்வாட்ச் ஒன்று, பதினாறு அடி சொச்சம் வராந்தா, அவ்வளவுதான் செலவு.

சரி, இப்போது வராந்தாவில் எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். "உயிருக்கு ஆபத்து எவ்வளவு டாக்டர்?" கேள்வியில் தப்பில்லை, அரைகுறையாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போவது இன்றைக்கு அபூர்வம். "ஆபரேஷன் சக்ஸஸ்" என்று டாக்டர் வெளியே வந்து சொல்வது அதை வைத்துத்தான். வீட்டுக்காரர் மனதில் இருக்கிற சக்ஸஸ் வேறு. அம்மா மறுபடி எழுந்து நடப்பாளா, என்னை அடையாளம் தெரியுமா, தானாகச் சாப்பிடுவாளா என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் 100க்கு 20 முதல் 30 பேர் என்று பல நாட்டுக் கணக்குகளும் சொல்கின்றன. பிழைத்தவர்களில் முன்பு நடந்த மாதிரியே மறுபடி நடப்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். அதனால் டாக்டரிடம், "மூணு மாசம் கழிச்சு எங்கம்மா எப்படி இருப்பாங்கன்னு எதிர்பார்க்கிறீங்க, நல்லபடியா போனா எப்படி, மோசமாப் போனா எப்படி?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்கிற டாக்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

அப்படி ஆபத்து என்றால் எதற்கு ஆபரேஷன் என்று பெரியப்பா கேட்டது நியாயம்தான். பண்ணாமல் விடுவதும் ஒரு வைத்தியம்தான், அதற்கும் ஆபத்து உண்டு என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை, யாருமே எடுப்பதில்லை. முறிந்த இடுப்போடு படுக்கையில் கிடந்தால் ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் உயிர் போகிற வலி. புரள முடியாது, அதனால் படுக்கைப் புண். ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, அதனால் சளி கட்டி நிமோனியா. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். கட்டுப் போடுகிற யோசனைக்கும் இதே பதில்தான். கை எலும்பு, கால் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுத் தேறியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகும்போது பந்து போன்ற தலைக்குப் போகிற ரத்த ஓட்டமே அறுந்துபோகலாம், வெளியிலிருந்து எந்தக் கட்டும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அதனால்தான் அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள், முறிவு இன்னும் கொஞ்சம் கீழே இருந்தால் கம்பியும் திருகாணியும் போட்டு நிறுத்துகிறார்கள். பெரும்பாலான முதியவர்களுக்கு இந்த ஆபரேஷனின் முக்கிய நோக்கமே வலியைக் குறைத்து, மறுநாளே எழுப்பி உட்காரவைப்பதுதான்.

எவ்வளவு சீக்கிரம் என்பதிலும் நம் வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. சுகர் இறங்கட்டும், கார்டியாலஜி ஃபிட்னஸ் வரட்டும், அமாவாசை போகட்டும், துபாயிலிருந்து தம்பி வரட்டும் என்று நாலைந்து நாள் போய்விடுகிறது. இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. 17 நாடுகளில் 2,970 பேரை வைத்து நடந்து 2020இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஒரு குழுவுக்கு முறிவு உறுதியான சுமார் 6 மணி நேரத்திலும் இன்னொரு குழுவுக்குச் சுமார் 24 மணி நேரத்திலும் ஆபரேஷன் செய்தார்கள். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, 9 சதவீதம், 10 சதவீதம். ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்குப் புத்திக் குழப்பம் குறைவு, நடையும் சீக்கிரம் வந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், இதயம் திணறிக்கொண்டிருப்பவர் என்றால் சரிசெய்யக் கொஞ்ச நேரம் எடுப்பது நியாயம். சும்மா காத்திருப்பதுதான் கூடாது. முழு மயக்கமா, முதுகில் ஊசியா என்பது வராந்தாவின் இன்னொரு பெரிய விவாதம். முதுகில் ஊசி போட்டால் ஆபத்தே இல்லை என்று ஒரு நம்பிக்கை. 2021இல் வந்த 1,600 பேர் ஆய்வில், 60 நாளுக்குள் இறந்தவர்கள் அல்லது நடக்க முடியாமல் போனவர்கள் முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18 சதவீதம். அதனால் அதை மயக்க மருந்து டாக்டரிடமே விட்டுவிடலாம், நாம் சண்டை போட வேறு விஷயம் நிறைய இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு விஷயம்தான் குழப்பம். இதைப் பற்றி எங்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி அப்பத்தா என்னைப் பார்த்து, "யாருடா நீ, எருமையை அவுத்து விட்டது நீதானா?" என்றாள். எங்கள் வீட்டில் எருமை இருந்தது எழுபதுகளில். செத்துப்போன தம்பியைக் கூப்பிட்டாள், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினாள், கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். அத்தை விபூதியை எடுத்து வந்துவிட்டாள், பக்கத்துக் கட்டில்காரர் "காத்துக் கருப்பா இருக்கும்" என்றார். பெரியப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மயக்க மருந்து மூளையில ஏறிருச்சுடா, இனிமே இப்படித்தான்" என்றார்.

அது டெலிரியம். தமிழில் திடீர்க் குழப்பம் என்று சொல்லலாம். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பின் ஏறக்குறைய நாலில் ஒரு முதியவருக்கு வருகிறது. மூளையின் கையிருப்பு தீர்ந்துபோனதன் அடையாளம் இது, இதயம் தளர்ந்தால் மூச்சு வாங்குவது மாதிரி. வலி, தூக்கமின்மை, நீர் வற்றுவது, சோடியம் குறைவது, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தூக்க மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், பெரும்பாலும் நாலைந்து சேர்ந்திருக்கும். மறதி நோய் மாதம் மாதமாக வரும், இது மணிக்கணக்கில் வரும், காலையில் தெளிவாக இருந்தவர் இரவில் மாறிவிடுவார். கத்துகிற வகையைவிடப் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற வகை மோசம், ஏனென்றால் "பாட்டி அமைதியா தூங்குறாங்க" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பலருக்குச் சில நாளில் தெளிந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்காகும், ஏற்கெனவே மறதி தொடங்கியிருந்தவர்களுக்கு அது ஒரு படி கீழே இறக்கிவிட்டுப் போவதும் உண்டு. அதனால் ஒன்றுமில்லை என்று தட்டிவிடவும் கூடாது, இனிமே இப்படித்தான் என்று கைகழுவவும் கூடாது.

இதற்கு மருந்தைவிட மற்றதுதான் அதிகம் உதவும். ஷரன் இனூய் என்ற மருத்துவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 852 முதியவர்களை வைத்து நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. கண்ணாடியைப் போட்டுவிடுவது, காது கேட்கும் கருவியை மாட்டுவது, இன்று என்ன கிழமை என்று பேச்சுக் கொடுப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, எழுப்பி நடக்கவைப்பது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகு நீவிவிடுவதும், இவ்வளவுதான். குழப்பம் 15 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. அவர்கள் ஆபரேஷன் நோயாளிகள் அல்ல, பொது வார்டில் இருந்தவர்கள், ஆனால் அதே வழியைப் பிறகு ஆபரேஷன் வார்டுகளிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்யவைத்ததை இங்கே தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற அத்தைகள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள், நாம் என்னவென்றால் அவர்களை ஐசியூ வாசலில் செருப்போடு சேர்த்து நிறுத்திவைக்கிறோம். அப்பத்தாவின் கண்ணாடியும் பல்செட்டும் நகையோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எங்களிடம் தரப்பட்டிருந்தன. மூன்றாம் நாள் கண்ணாடியை மாட்டி, ஜன்னல் திரையை விலக்கி, அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்த பிறகு அன்று சாயங்காலமே, "ஏண்டா, நெல்லைக் காயப்போட்டீங்களா?" என்றாள். நெல் உண்மையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. (சோடியத்தையும் அன்று காலைதான் சரிசெய்திருந்தார்கள், பெருமை முழுவதும் கண்ணாடிக்கு இல்லை.)

பட்டினி விஷயம் ஒன்று. முதல் நாள் இரவு ஒன்பது மணியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை, காலை எட்டு மணி என்று சொன்ன ஆபரேஷன் மதியம் இரண்டுக்குத் தள்ளிப்போனது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. தெளிந்த தண்ணீரை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பொதுவாகக் குடிக்கலாம் என்பது பல வருஷமாக இருக்கிற வழிகாட்டுதல், திட உணவுக்கும் பாலுக்கும்தான் நீண்ட இடைவெளி. நீங்களாக முடிவெடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், ஆனால் "லேட் ஆகுதுன்னா தண்ணி குடுக்கலாமா சிஸ்டர்?" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். மஞ்சள் பையில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டிக் காட்டுங்கள், பல வருஷமாகப் போடுகிற தூக்க மாத்திரை உட்பட. அதைத் திடீரென்று நிறுத்தினாலும் குழப்பம் வரும்.

"பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பதும் ஆபத்துதான். சராசரி 67 வயதுள்ள, எந்த நோயும் இல்லாத 12 பேரைப் பத்து நாள் படுக்கையில் வைத்திருந்து பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பற்ற திசு கரைந்துபோயிருந்தது. 86 வயதில், முறிந்த எலும்போடு, கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாளே எழுப்பி நிறுத்துகிற பிசியோதெரபிஸ்ட்டைக் கொடுமைக்காரன் என்று எங்கள் வீட்டில் திட்டினோம், அந்த வாரத்தில் அப்பத்தாவுக்கு அதிக நன்மை செய்தவர் அவர்தான். முட்டை, பருப்பு, மீன் என்று புரதமும் வேண்டும்.

கத்தி பிடிக்கிறவரின் கைத்திறனைவிடச் சுற்றி இருக்கிற கவனிப்புதான் முதியவர்களின் கதையை முடிவு செய்கிறது என்பதற்கு நல்ல சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் என்ற கடலோர ஊரில் மைக்கேல் டெவாஸ் என்ற எலும்பு சர்ஜனும் இர்வின் என்ற முதியோர் மருத்துவரும் ஒரே வார்டைச் சேர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள், போன நூற்றாண்டின் நடுப்பகுதியில். எலும்பை ஒருவர் பார்க்க, மனிதரை இன்னொருவர் பார்ப்பார். 2007இலிருந்து நாடு முழுக்க இடுப்பு முறிவுகளைப் பதிவு செய்து, முதியோர் மருத்துவர் பார்த்தாரா, சீக்கிரம் ஆபரேஷன் நடந்ததா என்று மருத்துவமனை மருத்துவமனையாகக் கணக்கு வெளியிட ஆரம்பித்தார்கள். முப்பது நாளுக்குள் இறப்பவர்கள் 2007இல் 10.9 சதவீதம், 2011இல் 8.5. அதற்கப்புறமும் இறங்கியிருக்கிறது. எலும்பும் கம்பியும் அதேதான், பார்க்கிற விதம்தான் மாறியது. நம் ஊரிலும் இது புதிதில்லை, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வி. எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கியது 1978இல், கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தது 2024இல். ஆனாலும் எலும்பு வார்டில் முதியோர் மருத்துவர் வந்து நிற்பது இன்னும் பல இடங்களில் நடப்பதில்லை. ஒரு பொது மருத்துவரையாவது தினமும் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

எல்லாவற்றுக்கும் பண்ணிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 2008இல் அமெரிக்காவில் இறந்த முதியவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், 31.9 சதவீதம் பேருக்குக் கடைசி வருஷத்தில் ஏதோ ஒரு ஆபரேஷன் நடந்திருக்கிறது, 8 சதவீதம் பேருக்குக் கடைசி வாரத்தில். அந்தக் கடைசி வாரத்து ஆபரேஷன்களில் எத்தனை அந்த மனிதர் கேட்டது, எத்தனை யாருக்கும் "வேண்டாம்" என்று சொல்லத் தைரியம் இல்லாததால் நடந்தது என்று யோசிக்கத் தோன்றுகிறது. நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களில் இருந்த, மிகவும் நலிந்த 172 பேருக்கு இடுப்பு முறிந்தபோது, ஆபரேஷனா அல்லது வலிநிவாரணம் மட்டுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க விட்டார்கள், 2022இல் வந்த ஆய்வு. பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களில் 83 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்துவிட்டார்கள், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 25 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் ஆபரேஷன்தான் சரி. ஆனால் இரண்டு பக்கமும் வாழ்ந்த நாட்களின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் தங்கள் முடிவில் திருப்தியாகவே இருந்தார்கள். அளவுகோலில் ஏழு, எட்டில் இருப்பவருக்கு "வேண்டாம்" என்பது கைவிடுவது இல்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்கிறோம் என்ற வாக்கு கூடவே இருந்தால்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் கதை வேறு. கண்புரை ஆபரேஷனுக்கு 90 வயதிலும் தயங்க வேண்டியதில்லை, பார்வை தெளிந்தால் விழுவதே குறையும். மூட்டு மாற்று, குடலிறக்கம் போன்றவற்றுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் கையில் இருக்கிறது, குதிரில் நெல்லை ஏற்ற அது போதும். தினம் நடை, மூச்சுப் பயிற்சி, புரதம், பீடியை விடுவது, ரத்த சோகையைச் சரிசெய்வது எல்லாம் அந்த இடைவெளியில் செய்யலாம்.

வயது வெறும் எண் என்று சொல்கிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிற ஆள் மைக்கேல் டிபேக்கி. மகாதமனி கிழிவதை எப்படி வகைப்படுத்துவது, எப்படித் தைப்பது என்று உலகுக்குக் காட்டிய ஹூஸ்டன் சர்ஜன். 2005 டிசம்பர் 31 அன்று வீட்டில் இருந்த அவருக்கே அது வந்தது, வயது 97. அவர் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நிலைமை மோசமாகி நினைவு தவறியபோது செய்யலாமா என்று மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடி விவாதித்தது, மயக்க மருந்து டாக்டர்கள் தயங்கினார்கள், அவர் மனைவி செய்தே ஆக வேண்டும் என்று நின்றார். 2006 பிப்ரவரியில், அவர் உருவாக்கிய அதே ஆபரேஷனை அவர் சகாக்கள் அவருக்கே ஏழு மணி நேரம் செய்தார்கள். பிழைத்தார், செய்தது சரிதான் என்று பிறகு அவரே சொன்னார், 2008இல் நூறு வயதுக்குச் சில வாரம் இருக்கும்போதுதான் இறந்தார். இந்தக் கதையில் எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி நடுவில் இருக்கிறது. வாரக்கணக்கில் வென்டிலேட்டர், வீடு திரும்பியது செப்டம்பரில், பில் பத்து லட்சம் டாலருக்கு மேல். 97 வயது வரை தினமும் வேலைக்குப் போன, ஒரு மருத்துவமனையே சுற்றி நின்று பார்த்துக்கொண்ட மனிதருக்கே அவ்வளவு நாள் பிடித்தது.

அவருக்காவது என்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதன்படி நடக்கவில்லை என்றாலும். எங்கள் வராந்தாவில் ஒன்பது பேர் மூன்று மணி நேரம் விவாதித்தோம், அப்பத்தாவை யாரும் கேட்கவில்லை. "அவங்களுக்கு என்ன முக்கியம்னு கேட்டீங்களா?" என்று அந்த மயக்க மருந்து டாக்டர்தான் கேட்டார். கேட்டோம். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை அவள். "செத்தாலும் பரவாயில்ல. ஆனா கக்கூஸுக்கு நானே போகணும், இன்னொருத்தி வந்து கழுவிவிடக் கூடாது." டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். ஹை ரிஸ்க் என்று அச்சடித்த காகிதத்தில் பெரியப்பா கையெழுத்துப் போட்டார்.

பழைய நடை வரவில்லை. கோயில் வரைக்கும் இப்போது ஆட்டோதான், ராத்திரியில் சில சமயம் பெயர்களை மாற்றிச் சொல்கிறாள். நாலாவது மாதம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தனியாகப் பாத்ரூமுக்குப் போக ஆரம்பித்தாள். உள்ளே தாழ்ப்பாள் மட்டும் போடாதே அப்பத்தா, விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்கும் என்று தினம் சொல்கிறோம். போட்டுக்கொள்கிறாள்.